வாசிக்க மறுத்த நாதஸ்வரக்காரர்

என்னைப் பற்றி என் கணவருக்கு ஒரே ஒரு முறைப்பாடுதான் உண்டு. நான் ஒருவரையும் நம்புவதில்லையாம். குழாய் திருத்த வந்தவர், பக்கத்து வீட்டுக்காரர், வானிலை அறிக்கை, எல்லாரையும் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் கதைப்பேன் என்பார். அதை நான் மறுப்பதில்லை. சிட்னியின் பரமட்டாவில் குடிவரவு வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி நான். கட்சிக்காரர் சொல்வதை நான் முதலில் சந்தேகப்படாவிட்டால், தீர்ப்பாயத்தில் இருப்பவர் என்னைவிட மோசமாகச் சந்தேகப்படுவார். வாரத்தில் ஒரு நாள் பல்கலைக்கழகத்தில் சான்றுச் சட்டம் படிப்பிக்கிறேன். அங்கே சந்தேகப்படுவதற்குச் சம்பளமே தருகிறார்கள்.

மிச்சம் இருக்கும் நேரத்தை ஒரு ஆராய்ச்சி தின்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் எங்கள் வடபகுதி நீதிமன்றங்களில் கோயில் மேளக்காரர்கள் போட்ட வழக்குகள் பற்றியது. எந்தத் திருவிழாவில் யார் முன்னுக்கு நின்று வாசிப்பது, யாருடைய பரம்பரைக்கு எந்த வாசல் என்று அடித்துக்கொண்டு வழக்காடியிருக்கிறார்கள். சின்ன வயதில் வாய்ப்பாட்டுப் படித்தவள் என்பதால் அந்த வழக்குகளை மற்றச் சட்டத்தரணிகளைவிட நான் நன்றாக விளங்கிக்கொள்வேன் என்று ஒரு தலைக்கனமும் எனக்கு இருந்தது.

இப்படிப்பட்டவளிடம்தான் அந்த இளைஞர் வந்தார். தான் நாதஸ்வரக்காரர் என்று சொன்னார். ஊர் முழுக்க, அப்படி இல்லை என்று சொன்னது. ஊர் என்றால் சிட்னியின் மேற்குப் பக்கம் வாழும் எங்கள் ஆட்கள்.

நடந்தது இதுதான். இங்கே ஒரு கோயில் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மேளக்குழு ஒன்றை அழைத்திருந்தார்கள். அதில் அவரும் ஒருவர். விமானத்தால் இறங்கிய மறுநாள் கொடியேற்றம். அவர் கோயிலுக்குப் போகவில்லை, வயிற்று வருத்தம் என்று படுத்துவிட்டார். அடுத்த நாளும் போகவில்லை. தேர், தீர்த்தம் எல்லாம் முடிந்தன. குழு மூட்டை கட்டிக்கொண்டு திரும்பியது, அவர் மட்டும் நின்று அகதிகளுக்கான பாதுகாப்பு விசாவுக்கு விண்ணப்பித்தார். அதற்குப் பிறகு மெல்பேணுக்குப் போய் ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினாராம். பிறகு திரும்பவும் சிட்னி. இவ்வளவு காலத்திலும் அவர் ஒரு தரமாவது நாதஸ்வரத்தை வாயில் வைத்ததை இங்கே யாரும் காணவில்லை. கலைக்குழு என்ற பெயரில் கலையே தெரியாதவர்களை ஏற்றி இறக்குவது எங்கள் ஆட்களுக்குப் புதிய விஷயமில்லை. ஆகவே ஊர் தன் தீர்ப்பை எப்போதோ எழுதிவிட்டது.

குடிவரவுத் திணைக்களமும் அதையேதான் எழுதியது. அவருடைய கதையின் அச்சாணி நாதஸ்வரம். இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிக்குள் ஒரு கோயில் இருந்தது. காணியை விடச் சொல்லிச் சனங்கள் ஊர்வலமாகப் போனபோது, இவரும் தமையனும் சோடியாக முன்னுக்கு நின்று வாசித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சில நாட்களில் ஒரு வாகனம் வந்து தமையனைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு வீட்டார் அவரைக் காணவில்லை. அடுத்ததாக இவரைத் தேடி வந்தார்கள். நீர் நாதஸ்வரக்காரரே இல்லை, ஆகவே ஊர்வலத்தில் வாசிக்கவும் இல்லை, ஆகவே உம்மை யாரும் தேடவும் இல்லை என்று திணைக்களம் மூன்று வரியில் கதையை முடித்திருந்தது. இனி மிச்சம் இருந்தது தீர்ப்பாயம் ஒன்றுதான். அங்கும் நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வழக்கை எடுத்த செய்தி எப்படியோ பரவி, கோயில் சபையில் இருக்கும் ஒரு அங்கிள் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, உந்தப் பெடியனுக்கு மேளமும் தெரியாது தாளமும் தெரியாது. உம்மட பேரைக் கெடுத்துக்கொள்ளாதையும்," என்றார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் அவர் மேலில்லை, அவர் சொன்னதை நானும் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதில்தான்.

முதல் சந்திப்பிலேயே நான் அந்த இளைஞரைச் சோதித்திருந்தேன். சுவாமி வெளியே எழுந்தருளும்போது என்ன வாசிப்பது, வீதியின் எந்த மூலையில் எந்த ராகம், பள்ளியறைக்குப் போகும்போது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டு சரியாகப் பதில் சொன்னார். அதனால் என் சந்தேகம் குறைந்திருக்க வேண்டும், கூடியது. பாடமாக்கி வந்து ஒப்புவிக்கிறார் என்று நினைத்தேன். மேளக்காரர்களோடு கதைத்துப் பழகிய எனக்குத் தெரியும், அவர்களிடம் ராகத்தின் பெயரைச் சொன்னாலே வாய் தானாக முணுமுணுக்கும். இவர் ஒரு சுரத்தைக்கூட முணுமுணுக்கவில்லை. தபால் அலுவலகத்தில் விலாசம் சொல்வதுபோல் சொன்னார்.

வாசித்துக் காட்டச் சொன்னபோது சீவாளி உடைந்துவிட்டது என்றார். சீவாளி என்பது நாதஸ்வரத்தின் வாயில் பொருத்தும் நாணல் துண்டு, அது இல்லாமல் சத்தம் வராது. சரி, வேறு எடுப்பிப்போம் என்றேன். அடுத்த முறை பல்வலி. அதற்கடுத்த முறை மூச்சு முட்டுகிறது. அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் பெடியங்கள் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனபோதும் காரைவிட்டு இறங்காமல் தரிப்பிடத்திலேயே இருந்தாராம். கோயிலுக்குள் மேளம் வாசிப்பவர்கள் யாராவது கண்டு, வா தம்பி, ஒரு கை கொடு என்று கூப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம்தான் என்று நான் முடிவு செய்தேன். தாடியும் காடு மாதிரி வளர்ந்திருந்தது. விசாரணைக்கு வரும்போது சவரம் செய்துகொண்டு வாரும் என்றேன். பார்ப்பம் அக்கா என்றார். சவரம் செய்யக்கூட யோசிக்கிற ஒருவரை நான் என்னவென்று வழக்கில் நிறுத்துவது என்று எரிச்சலாக இருந்தது.

விசாரணைக்குச் சில வாரங்களே இருந்தபோது, இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று தீர்மானித்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் ஆசைப்பட்டு வாங்கிய நாதஸ்வரம் ஒன்று என்னிடம் இருந்தது, நல்ல சீவாளிகளோடு. நான் ஒரு முறை ஊதிப் பார்த்தேன், கணவர் எழுந்து ஜன்னல்களைச் சாத்தினார், அதோடு அது அலுமாரிக்குப் போனது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வரும்படி அவருக்குச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. சாட்சியை எச்சரித்துவிட்டுக் கூப்பிடுவது என் பழக்கமில்லை. வாசித்தால் வீடியோ எடுத்துத் தீர்ப்பாயத்துக்குக் கொடுப்பேன், வாசிக்காவிட்டால் வழக்கை விட்டுவிடுவேன். கணவர் தன் கைத்தொலைபேசியைத் தாங்கி ஒன்றில் பூட்டி வைத்துவிட்டு, பாவம் அந்தப் பெடியன் என்றார். அவர் எல்லாரையும் பாவம் என்பவர், அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

வந்தவர் வாசலோடு நின்றுகொண்டார். எங்கள் முன் அறையில்தான் சாமிப்படங்கள் இருக்கின்றன. உள்ளே வாரும் என்று எத்தனை தரம் சொன்னாலும், கராஜில் இருப்பம் அக்கா, அங்க காத்து வரும் என்றார். வெளியே நல்ல குளிர். ஓடுவதற்கு வசதியான இடம் பார்க்கிறார் போலிருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம் ஓடியது. கராஜில் ஒரு மேசையை இழுத்துப் போட்டு, இரண்டு கதிரைகள் வைத்து, துணி விரித்து நாதஸ்வரத்தைக் கொண்டுவந்து வைத்தேன்.

அவர் அதைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். முதலில் அணைசு என்ற அடிவாய், பிறகு உலவு என்ற குழல், பிறகு துளைகள் என்று கீழிருந்து மேலாகக் கண் போனது. பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எடும் என்றேன். எடுக்கவில்லை. சும்மா தொட்டாவது பாரும் என்றேன். ஒரு அடி பின்னால் போனார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"உமக்கு வாசிக்கத் தெரியாது. அதுதானே விஷயம்?"

"ஓம் அக்கா," என்றார். "தெரியாது எண்டே எழுதி விடுங்கோ."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பொய்க்காரரைக் கண்டிருக்கிறேன். பிடிபட்டால் அழுவார்கள், சண்டைக்கு வருவார்கள், இன்னொரு பொய் சொல்லுவார்கள். வழக்கையே தூக்கி என் கையில் தந்துவிட்டு நிம்மதியாக நிற்கிறவரை நான் கண்டதில்லை. வேறு ஏதோ இருக்கிறது என்று பட்டது. அவர் சொன்னதை விட்டுவிட்டு, அவர் செய்யாதவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். கோயிலுக்குள் போகவில்லை. சவரம் செய்யவில்லை. சாமிப்படம் இருக்கும் அறைக்குள் கால் வைக்கவில்லை. மங்கல வாத்தியத்தைத் தொடவில்லை. பழைய வழக்குகளில் நான் பல தடவை படித்த விஷயம்தான் அது. கண்ணுக்கு முன்னால் தாடியோடு வந்து நிற்கும்போது தெரியவில்லை.

"ஆருக்குத் தம்பி துடக்கு?" என்று கேட்டேன்.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு, "அண்ணாக்கு," என்றார்.

விமானத்தால் இறங்கி, கோயில்காரர் அனுப்பிய வானில் வந்துகொண்டிருந்தபோது அவருக்கு ஒரு அழைப்பு வந்திருக்கிறது. அழைத்தவர், தமையனோடு தடுப்பில் ஒரே அறையில் அடைபட்டிருந்து, வெளியே வந்து, இப்போது வேறொரு நாட்டில் இருக்கும் ஒருவர். அண்ணா இனி இல்லை, தான் கண்ணால் கண்டது என்று அவர் சொன்னார். மறுநாள் கொடியேற்றம். இவர் போய்ப் படுத்துவிட்டார்.

எங்கள் வழக்கத்தில் ஒருவர் செத்தால் அந்த வீட்டுக்குத் துடக்கு. கோயில் படி மிதிக்கக் கூடாது, நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது, சவரம் செய்யக் கூடாது, மேளக்காரர் என்றால் வாத்தியத்தைத் தொடக் கூடாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்தால் துடக்குக் கழியும், பிறகு வாசிக்கலாம். இவருக்கு அந்த நாள் வரவே இல்லை. அந்தியேட்டி செய்வதென்றால் செத்தவர் செத்தவராக இருக்க வேண்டும். ஊரில் இவருடைய தாய், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரம் குந்தியிருக்கும் தாய்மாரோடு, மூத்த மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். அவரைப் பொறுத்தவரை மகன் உயிரோடு எங்கோ இருக்கிறார், கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் விடுவார்கள். இங்கே ஒரு ஐயரைப் பிடித்து இரகசியமாகச் செய்யலாம்தானே என்றேன். செய்தால் பின்னேரத்துக்குள் செய்தி ஊருக்குப் போய்விடும் என்றார். எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப் வேகம் எனக்கும் தெரியும்.

இவ்வளவையும் எனக்கு முதலே சொல்லியிருந்தால் வழக்குக்கே நல்லது என்று சொன்னேன். கண்ட சாட்சி ஒருவர் இருக்கிறார், அவரிடம் வாக்குமூலம் எடுக்கலாம், இதைவிடப் பலமான ஆதாரம் இல்லை. அவர் தலையை ஆட்டினார். எழுத்தில் வந்தால் எங்கே போகும், யார் வாசிப்பார், மொழிபெயர்க்க வருபவர் எந்த ஊர்க்காரர் என்று யாருக்குத் தெரியும். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், தன் வாயால் அம்மாவின் பிள்ளையைக் கொல்ல மாட்டேன் என்றார். ஆனால் அம்மாவே இப்போது சந்தேகப்படத் தொடங்கிவிட்டாராம். வாரா வாரம் தொலைபேசியில், நீ வாசிக்கிறதை ஒன்று அனுப்பு என்று கேட்பாராம். இவர் ஏதாவது சாட்டுச் சொல்லுவாராம். மேளக்காரர் குடும்பத்துத் தாய்க்கு, வாசிக்கிற பிள்ளை வாசிக்காமல் இருந்தால் அதற்கு என்ன கருத்து என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. போன வாரம் நேராகவே, ஏனடா வாசிக்கிறாய் இல்லை, என்னட்ட என்னத்தை மறைக்கிறாய் என்று கேட்டுவிட்டாராம்.

வாசித்தால் செத்த அண்ணனுக்குத் துரோகம். வாசிக்காவிட்டால் உயிரோடு இருக்கிற அம்மாவுக்குச் செய்தி போய்விடும். தீர்ப்பாயத்துப் பயம் இந்த இரண்டுக்கும் பிறகுதான் அவருக்கு. கணவர் தேத்தண்ணியோடு வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றார்.

அப்போதுதான் அந்த இளைஞர் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா, நீங்கள் ஒருத்தரையும் நம்பாத ஆள் எண்டு எல்லாரும் சொல்லுகினம். என்னையும் நீங்கள் நம்பேல்லை எண்டு தெரியும். அண்ணா இல்லை எண்ட உந்த ஆளின்ர கதையையும் ஒருக்கால் விசாரிச்சுப் பாருங்கோவன். பிழை எண்டு நீங்கள் சொன்னால் நான் வாசிக்கிறன்."

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. நான் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்தேன். விளையாட்டுக்கு இல்லை, உண்மையாகவே விசாரித்தேன். அந்த மனிதரை முன்பின் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. உம்முடைய இலக்கம் எப்படிக் கிடைத்தது? அண்ணா பாடமாக்கச் சொல்லிக் கொடுத்திருந்த ஊர்ப் பெயரை வைத்து, ஒவ்வொருவராக விசாரித்துப் பிடித்திருக்கிறார். உம்மிடம் ஏதாவது கேட்டாரா? ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எப்போதாவது அழைத்தாரா? இல்லை, இவர்தான் இன்னொரு முறை அழைத்து முகம் பார்த்துக் கதைத்தார். வேறு யாரையாவது பார்த்து அண்ணா என்று பிழையாக நினைத்திருக்கலாம், அந்த மாதிரி இடங்களில் பெயர்கள் மாறும், ஆட்கள் மாறுவார்கள். நான் அப்படித்தான் நம்ப விரும்பினேன். இந்தக் கதையில் ஒரு ஓட்டை கிடைக்க வேண்டும் என்று மனம் தவித்தது. தொழிலில் ஒரு நாளும் எனக்கு அப்படித் தவித்ததில்லை.

அழைத்தவருக்குச் சங்கீதம் தெரியுமா என்று கடைசியாகக் கேட்டேன். ஒன்றுமே தெரியாது, கல் கட்டும் மேசன் வேலை செய்தவர் என்றார். பிறகு தானாகவே ஒன்றைச் சொன்னார். இரவில் அண்ணா தன் மடக்கிய காலில், நாதஸ்வரம் பிடிப்பதுபோல் இரண்டு கைகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து, விரல்களால் தட்டிக்கொண்டே இருப்பாராம். அந்த மனிதர் அதைக் கமராவில் செய்து காட்டியிருக்கிறார், பார்த்த மாதிரியே. இவரும் எனக்குச் செய்து காட்டினார். கைகள் மாறியிருந்தன. மேலே இருக்க வேண்டிய கை கீழே, கீழே இருக்க வேண்டியது மேலே. அண்ணா சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பிடிப்பாராம். அப்பா அடித்தும் பார்த்தாராம், மாறவில்லை. கேட்க வருகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை, பக்கத்தில் நின்று வாசித்தவருக்குத்தான் தெரியும்.

நான் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கீதம் தெரியாத ஒரு மேசன் இதை எப்படிக் கற்பனை செய்வார்? வகுப்பில் இதைத்தான் நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன், பொய் சொல்பவனுக்குத் தோன்றவே தோன்றாத விவரம்தான் நல்ல சாட்சி என்று. நான் முழுதாக நம்பினேன். இவர் நாதஸ்வரக்காரர் என்பதையும், இவருடைய அண்ணன் உயிரோடு இல்லை என்பதையும் ஒரே நேரத்தில் நம்பினேன்.

"எனக்கு நம்பிக்கையில்லை, தம்பி," என்றேன். "ஆரோ ஒருத்தன் தொலைபேசியில சொன்ன கதை. உதை வைச்சுக்கொண்டு ஒரு கோர்ட்டிலயும் நிக்கேலாது."

"உண்மையாவோ அக்கா?"

"ஓம்."

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு என் குரல் தெரியும்.

அந்த இளைஞர் எழுந்து கராஜ் மூலையில் இருந்த குழாயில் கைகால் முகம் கழுவினார். சீவாளி ஒன்றை எடுத்து வாயில் வைத்து நனைத்தார், இன்னொன்றை எடுத்துப் பார்த்து முதலாவதே சரி என்று பொருத்தினார். நாதஸ்வரத்தை இரண்டு கண்களிலும் ஒற்றினார். கணவர் கைத்தொலைபேசியைத் தாங்கியோடு கொண்டுவந்து வைத்துப் பதிவை அழுத்தியதும், தோடி ராகம் வாசித்தார். முதல் மூச்சிலேயே பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது. வாய் பழக்கம் விட்டிருந்தது, ஓரிரண்டு இடத்தில் சத்தம் பிசிறியது, ஆனால் யார் வந்து கேட்டாலும் இவர் யார் என்று கேட்கத் தேவையில்லை. ஒரு விஷயம் எனக்கு மட்டும் கேட்டது. சோடியாக வாசிப்பவர்களில் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பார். இவர் ஒரு பிடியை வாசித்துவிட்டு நிறுத்தினார், காத்திருந்தார், பிறகுதான் அடுத்ததற்குப் போனார். முடியும் வரைக்கும் அப்படியே வாசித்தார்.

அந்த வீடியோவைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்தேன். அண்ணனை வீட்டார் அதற்குப் பிறகு காணவில்லை என்ற அவருடைய வாக்குமூலத்தில் ஒரு சொல்லையும் மாற்றத் தேவை இருக்கவில்லை, அது இன்றைக்கும் உண்மைதான். விசாரணை செய்தவர் வீடியோவை முழுக்கப் பார்த்தார். ஏன் இடையிடையே நிற்கிறது என்று கேட்கவில்லை. அந்த இளைஞர் இப்போது இங்கேதான் இருக்கிறார், நிரந்தரமாக.

ஆனால் எனக்கு அந்த வழக்கு முடிந்தது கராஜில், அன்று பின்னேரமே. வாசித்து முடித்த கையோடு, அந்த வீடியோவைத் தன் தொலைபேசிக்கு அனுப்பும்படி கணவரைக் கேட்டார். அதை அங்கே நின்றபடியே தாய்க்கு அனுப்பினார். ஆறிப்போன தேத்தண்ணியை நாங்கள் மூவரும் குடித்துக்கொண்டிருந்தபோது குரல் செய்தியாகப் பதில் வந்தது. நாங்களும் கேட்க வேண்டும் என்று சத்தமாகப் போட்டார். பின்னணியில் வாகனங்கள் போகும் இரைச்சல், பெண்கள் பேசும் சத்தம்.

"நல்லாயிருக்கடா. நான் என்னவோ ஏதோ எண்டு பயந்துபோனன். இதை வைச்சிருக்கிறன், அண்ணா வந்தாப்பிறகு அவனுக்கும் போட்டுக் காட்டுறன்."

அவர் தொலைபேசியைக் காதோடு வைத்து, இந்த முறை தனக்கு மட்டும் கேட்கும்படி, அதைத் திரும்பவும் போட்டார்.